கர்ப்பகாலச் சுகரும் குழந்தையின் நுரையீரலும்: தடை போடுவது எந்த இன்சுலின்?

ஏழாம் மாதப் பரிசோதனையில் சுகர் கூடியிருக்கிறது. சாப்பாட்டைச் சரிசெய்து இரண்டு வாரம் பார்த்தும் இறங்கவில்லை, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார் டாக்டர். வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடினால், "இன்சுலின் கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சியைத் தாமதப்படுத்தும்" என்று ஒரு வரி கண்ணில் படுகிறது. வீட்டில் பெரியவர்களுக்கு ஏற்கெனவே ஊசி என்றால் ஆகாது. ஊசியை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. சேலம் மாதிரி சுகர் வீட்டுக்கு வீடு தெரிந்த நோயாகிவிட்ட ஊரிலும் இந்தக் குழப்பம் தீர்ந்தபாடில்லை.

அந்த வரி பொய்யில்லை. டாக்டர் சொன்னதும் தவறில்லை. இரண்டு இடத்திலும் வரும் இன்சுலின் வேறு வேறு ஆளுடையது என்பதுதான் விஷயம். நுரையீரலைத் தாமதப்படுத்துவது குழந்தையின் கணையம் சுரக்கும் இன்சுலின். அதை அதிகமாகச் சுரக்க வைப்பது அம்மாவின் ரத்தத்தில் கூடிய சர்க்கரை. அம்மா போட்டுக்கொள்ளும் ஊசி அந்தச் சர்க்கரையை இறக்குகிறது. ஊசிக்குப் பயந்து அதை நிறுத்தினால், எதற்குப் பயந்தோமோ அதுவே வேகமாக நடக்கும். இது எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

வயிற்றுக்குள் நுரையீரலுக்கு என்ன வேலை?

வயிற்றிலிருக்கும் குழந்தை நுரையீரலை நம்பிப் பிழைப்பதில்லை. ஆக்ஸிஜன் அம்மாவின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. பிறக்கும் வரை நுரையீரல் முழுக்கத் திரவம்தான். அது பனிக்குட நீர் உள்ளே புகுந்ததல்ல, பெரும்பாலும் நுரையீரலே சுரப்பது. உள்ளிருந்து அது அழுத்தம் கொடுப்பதால்தான் நுரையீரல் சுருங்கிக் கிடக்காமல் வளர்கிறது.

வளர்ச்சியை மருத்துவர்கள் 5 கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும் என்பதால் வாரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும்.

1. சுமார் 4 முதல் 7 வாரம்: உணவுப்பாதையிலிருந்து ஒரு மொட்டு கிளம்பி வலம், இடம் எனப் பிரிகிறது.
2. 5 முதல் 17 வாரம்: மூச்சுக்குழாய்கள் கிளை கிளையாகப் பிரிகின்றன. காற்றைப் பரிமாறும் இடம் இன்னும் உருவாகவில்லை.
3. 16 முதல் 26 வாரம்: மெல்லிய ரத்தக்குழாய்கள் கிளைகளின் நுனிகளை நெருங்குகின்றன. குழந்தை வெளியே வந்தால் பிழைக்க வாய்ப்பு என்ற பேச்சே இந்தக் கட்டத்தின் கடைசியில்தான் வருகிறது.
4. 24 முதல் 38 வாரம்: நுனிகள் மெல்லிய சுவருள்ள பைகளாகின்றன. நம் கதை முழுக்க நடப்பது இங்கே.
5. 36 வாரத்துக்குப் பின்: அந்தப் பைகள் மேலும் பிரிந்து முழுமையான காற்றறைகள் ஆகின்றன. இந்த வேலை பிறந்த பின்னும் வருடக்கணக்கில் தொடரும்.

நான்காம் கட்டத்தில், காற்றறைச் சுவரில் உள்ள 'இரண்டாம் வகை' செல்கள் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன. 24ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்கினாலும், போதுமான அளவு சேர்வதற்குப் பொதுவாக 35ஆம் வாரம் ஆகிவிடும்.

ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சு

காற்றறையின் உட்சுவர் எப்போதும் ஈரமானது. ஈரமான பிளாஸ்டிக் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு பாடு! ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் காற்றறைகள் அப்படி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். நீரின் பரப்பு இழுவிசைதான் காரணம். காற்றறை எவ்வளவு சிறிதோ, அவ்வளவு அதிக அழுத்தம் கொடுத்தால்தான் அது மூடாமல் இருக்கும். குறைமாதக் குழந்தையின் காற்றறைகள் மிகச் சிறியவை என்பதால் அடி அங்கேதான் பலமாக விழும்.

சர்ஃபாக்டன்ட் அந்த இழுவிசையைக் குறைக்கிறது. அதில் சுமார் 90 சதவீதம் கொழுப்பு, மீதி புரதம். கொழுப்பில் முக்கியமானது லெசித்தின் வகையைச் சேர்ந்தது. புரதங்கள் ஏ, பி, சி, டி என நான்கு. பி இல்லாவிட்டால் கொழுப்பு காற்றறையின் பரப்பில் சரியாகப் பரவாது. மரபுக் கோளாறால் பி புரதமே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள், ஒன்பது மாதம் நிறைந்து பிறந்தாலும் நுரையீரல் மாற்று சிகிச்சை இல்லாமல் பிழைப்பதில்லை.

குறைமாதக் குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்தில் மூச்சுத் திணறி இறப்பதற்கு இந்தப் பொருள் போதாததுதான் காரணம் என்பது 1959இல்தான் தெரிய வந்தது. அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் இறந்த குழந்தைகளின் நுரையீரல்களைச் சோதித்து இதைக் காட்டினார்கள். இன்று இந்த நிலைக்கு மூச்சுத்திணறல் நோய்க்குறி என்று பெயர். பச்சிளங்குழந்தை வார்டில் 'ஆர்.டி.எஸ்.' என்று எழுதியிருந்தால் அது இதுதான்.

அம்மாவின் இன்சுலின் அம்மாவோடு நின்றுவிடும்

நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் குழந்தைக்குக் கடத்திவிடாது. குளுக்கோஸ் மிகச் சிறிய மூலக்கூறு, எடை 180. அதைக் கடத்துவதற்கென்றே நஞ்சுக்கொடியில் தனிப் புரதங்கள் இருக்கின்றன. இன்சுலின் ஒரு புரதம், எடை சுமார் 5,800. அதற்கு அப்படிப்பட்ட வழி கிடையாது. மாடு, பன்றியிலிருந்து எடுத்த இன்சுலினைப் பயன்படுத்திய காலத்தில், அம்மாவின் எதிர்ப்புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சிறிதளவு குழந்தையைச் சேர்ந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இப்போது கொடுக்கப்படும் மனித இன்சுலினில் அது பொருட்படுத்தும் அளவுக்கு நடப்பதில்லை.

இதை வைத்து டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் ஒரு விளக்கம் கொடுத்தார். இன்றுவரை இந்தத் துறையின் அஸ்திவாரம் அதுதான்.

1. கர்ப்பத்தின் பின்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் அம்மாவின் உடலில் இன்சுலின் வேலை செய்வதை மந்தப்படுத்துகின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தட்டாமல் போய்ச் சேர உடல் செய்யும் ஏற்பாடு இது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறும்.
2. ஏறிய சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்திலும் ஏறுகிறது.
3. குழந்தையின் கணையம் மூன்றாம் மாத முடிவுக்குள் இன்சுலினைச் சுரக்கத் தொடங்கியிருக்கும். சர்க்கரை தொடர்ந்து கூடுதலாக வந்தால் அது பெருத்து அதிகம் சுரக்கப் பழகிவிடும்.
4. வயிற்றுக்குள் குழந்தைக்கு இன்சுலின்தான் முக்கியமான வளர்ச்சி ஹார்மோன். கொழுப்பு சேர்கிறது, கல்லீரலும் இதயமும் பெரிதாகின்றன, எடை கூடுகிறது.
5. அதே இன்சுலின் நுரையீரலில் மட்டும் முதிர்ச்சியைப் பிடித்து நிறுத்துகிறது.

அம்மாவின் ஊசி முதல் படியிலேயே தலையிடுகிறது. குழந்தைக்குப் போகும் சர்க்கரை குறைந்தால் அடுத்த நான்கு படிகளும் தளர்ந்துவிடும்.

நுரையீரலுக்குள் இன்சுலின் செய்வது

உடம்பை வளர்க்கும் ஒன்று நுரையீரலை ஏன் தடுக்க வேண்டும்? வளர்ச்சி வேறு, முதிர்ச்சி வேறு. வளர்ச்சி என்பது செல்கள் பெருகுவது. முதிர்ச்சி என்பது பெருகுவதை நிறுத்திவிட்டுத் தன் வேலையைத் தொடங்குவது. இன்சுலின் முதல் பக்கம் இழுக்கிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் குழந்தையின் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் கார்டிசோல் இரண்டாம் பக்கம் இழுக்கிறது. இந்த இழுபறிக்கான ஆதாரங்கள் பெரும்பாலும் ஆய்வகத்திலிருந்து வந்தவை:

1. கருநிலை நுரையீரல் செல்களுக்குக் கார்டிசோல் கொடுத்தால் லெசித்தின் தயாரிப்பு கூடும். கூடவே இன்சுலினும் சேர்த்தால் அந்தக் கூடுதல் காணாமல் போகும். 1975இல் வெளிவந்த பரிசோதனை இது.

2. கார்டிசோல் நேராகச் சுரக்கும் செல்லிடம் மட்டும் பேசுவதில்லை. காற்றறையைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு செல்களிடம் சொல்லி, அவை ஒரு சமிக்ஞைப் பொருளை அனுப்பி, அதைப் பெற்றுத்தான் இரண்டாம் வகை செல் சர்ஃபாக்டன்ட்டைத் தயாரிக்கிறது. இன்சுலின் இந்த நடுவழிப் பேச்சை மட்டுப்படுத்துகிறது.

3. மனிதக் கருவின் நுரையீரல் திசுவை வளர்த்துப் பார்த்தபோது, இன்சுலின் கூடினால் ஏ, பி புரதங்களுக்கான மரபணுக்களின் செயல்பாடு குறைந்தது. இரண்டாவது புரதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

4. முதிராத இரண்டாம் வகை செல்லுக்குள் கிளைகோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரை, நிறைந்திருக்கும். முதிரும்போது அதைக் கரைத்துத்தான் சர்ஃபாக்டன்ட் கொழுப்பைத் தயாரிக்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைச் சேமித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன். கிளைகோஜன் கரையாமல் கிடக்கும்.

எல்லா விலங்காய்வுகளிலும் ஒரே அளவு விளைவு வந்ததில்லை, ஆய்வகத் தட்டில் நடப்பதெல்லாம் அப்படியே வயிற்றுக்குள் நடக்கும் என்றும் இல்லை. ஆனாலும் நான்கு வழியும் ஒரே திசையைக் காட்டுகின்றன. பிரசவ வார்டில் கண்டதும் அதோடு பொருந்திப் போகிறது.

எடை இருக்கிறது, முதிர்ச்சி?

மூன்றே முக்கால் கிலோ, நான்கு கிலோவில் குழந்தை பிறந்தால் வீட்டில் சந்தோஷம்தான். அந்தக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள் என்றதும் "இவ்வளவு கொழுகொழுன்னு இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு ஐ.சி.யூ.?" என்று சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. சுகர் கட்டுப்படாத அம்மாவின் குழந்தைக்கு எடை ஒரு சான்றிதழ் இல்லை. 36 வாரத்தில் மூன்றரைக் கிலோ இருக்கும் குழந்தையின் நுரையீரலுக்கு 36 வாரத்து வயதுதான், சில சமயம் அதைவிடக் குறைவு.

இதில் ஒரு சத்தமில்லாத ஆபத்தும் இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்து நாள் கணக்கு உறுதி செய்யாதவர்கள், கடைசி மாதங்களில்தான் முதல் ஸ்கேனுக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். அப்போது அளவை வைத்து வயதைச் சொல்வார்கள். சுகரால் பெருத்த குழந்தை ஓரிரு வாரம் மூத்ததாகத் தெரியும். பிரசவத் தேதி அந்த அளவுக்கு முன்னால் நகரும். நாள் நிறைந்துவிட்டது என்று நம்பி எடுத்தால், உண்மையில் குறைமாதக் குழந்தையை எடுத்திருப்போம். முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குச் சுகர் உள்ளவர்களுக்கு இது கூடுதல் காரணம்.

"ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது" என்ற பழைய நம்பிக்கையும் இங்கே இடித்துக்கொண்டு நிற்கிறது. நுரையீரல் கணக்கில் இதற்கு எந்த இடமும் இல்லை. ஒவ்வொரு வாரம் உள்ளே இருந்தாலும் லாபம், எட்டாம் மாதமும் அதில் சேர்த்தி.

ஆபத்து எவ்வளவு? அன்றும் இன்றும்

1976இல் பாஸ்டனில் ஏவரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு ஒரு எண்ணைக் கொடுத்தது. கர்ப்ப வயது, பிரசவ முறை போன்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பிறகும், நீரிழிவுள்ள அம்மாக்களின் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் நோய்க்குறி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 5.6 மடங்கு. இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் எண் இதுதான். பயமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டிலேயே விரலைக் குத்திச் சுகர் பார்க்கும் கருவி பரவலாக வரவில்லை. வயிற்றிலேயே குழந்தை இறந்துவிடுமோ என்ற பயத்தில் நீரிழிவுள்ள பெண்களுக்கு முன்கூட்டியே பிரசவம் பார்ப்பது வழக்கமாக இருந்தது. பின்னால், 1990களில் வந்த ஆய்வுகள் வேறு படத்தைக் காட்டின. சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் இருந்து, நாள் கணக்கும் உறுதியாக இருந்து, 38, 39 வாரம் தாண்டிப் பிறந்தால், நுரையீரல் முதிர்ச்சியில் மற்ற குழந்தைகளோடு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, சுகர் என்ற பெயரைவிடக் கட்டுப்பாடும் பிறக்கும் வாரமுமே அதிகம் தீர்மானிக்கின்றன.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது கொஞ்சம் விநோதமானது. பல வருடம் நீரிழிவு இருந்து ரத்தக்குழாய், சிறுநீரகம், கண் பாதிக்கப்பட்ட அம்மாக்களின் குழந்தைகளில் நுரையீரல் சில சமயம் சீக்கிரமே முதிர்ந்திருந்தது. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாகப் போகாமல் குழந்தை நெருக்கடியில் இருக்கும், நெருக்கடியில் கார்டிசோல் ஏறும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அந்தக் குழந்தைகள் வளர்ச்சி குன்றி வேறு ஆபத்துகளில் இருக்கின்றன.

தமிழ்நாட்டுச் சோதனையும் சேலத்துச் சாப்பாடும்

சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் குழு தமிழ்நாட்டில் நடத்தி 2008இல் வெளியிட்ட கள ஆய்வில், கர்ப்பகாலச் சுகர் நகரங்களில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 என்று வந்தது. அதாவது கிராமத்திலும் ஏறக்குறைய பத்தில் ஒருவர். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2007இலேயே உத்தரவிட்டுவிட்டது.

சேஷையா முன்வைத்து, பின்னர் மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் இடம்பெற்ற சோதனை நம் ஊருக்கேற்ற எளிய ஒன்று. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம். 100 மில்லியில் 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சுகர். முதல் முறை வரும்போது ஒன்று, அதில் சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒன்று. நுரையீரல் வளர்ச்சியின் நான்காம் கட்டம் தொடங்கும் வாரமும் இதுதான் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது சோதனையைத் தவறவிட்டால், சர்ஃபாக்டன்ட் தயாராகும் வாரங்கள் முழுவதும் கவனிக்கப்படாமல் போய்விடும். முதல் சோதனையில் சரியாக இருந்ததே என்று பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான்.

ஏற்காடு மலையில் இதன் பாரம் இன்னும் கூடுதல். நாகலூர், வாழவந்தி, வெள்ளக்கடை பக்கத்துக் கிராமங்களில் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண் ஒரு சோதனைக்காக 2 மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் அன்றைய கூலி போச்சு. வெறும் வயிற்றோடு விடிகாலையில் கிளம்பி வா என்றும் சேர்த்துச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்யலாம் என்ற ஒரே சலுகைக்காகவே இந்தச் சோதனையை மெச்சலாம்.

சாப்பாட்டில் சேலத்துக்கென்று சில கண்ணிகள் உண்டு. ஜவ்வரிசி இந்த ஊர்த் தொழில். வயிற்றுக்கு இதமானது என்று கர்ப்பிணிக்குக் கஞ்சி காய்ச்சித் தருவார்கள். மரவள்ளி மாவிலிருந்து வரும் அது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, சுகரைச் சட்டென்று ஏற்றும். மாம்பழக் காலத்தில் மல்கோவா வீட்டுக்கு வந்தால் ஒரு கீற்றோடு நிற்பது கஷ்டம். மலையில் சாமையும் ராகியும் பழக்கமானவை, நல்லவைதான். ராகிக்குச் சுகர் ஏறாது என்ற நம்பிக்கையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாவாக்கிக் கஞ்சியாகக் குடித்தால் அரிசிக் கஞ்சிக்கும் அதற்கும் பெரிய தூரம் கிடையாது. அளவும், கூடவே பருப்பு, காய், முட்டை சேர்ப்பதும்தான் வித்தியாசம் செய்யும். பட்டினி கிடப்பது வேறொரு தவறு.

ஊசியா, மாத்திரையா?

உணவு மாற்றத்துக்கும் நடைக்கும் இரண்டு வாரம் கொடுப்பார்கள். அதன் பிறகும் சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120க்குக் கீழே வராவிட்டால் மருந்து. இந்திய வழிகாட்டுதலில் மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் இன்சுலின் ஊசிக்கும் இடமிருக்கிறது. எது பொருந்தும் என்பது வாரத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வது. குழந்தையின் கோணத்தில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லலாம்: மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், ஊசி தாண்டாது. ஊசி பொல்லாதது, மாத்திரை சாது என்று நினைப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மெட்ஃபார்மின் தாண்டினாலும் பரவலாகப் பயன்படுத்தப்படும் மருந்துதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

"இன்சுலின் ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது" என்பது அடுத்த பயம். கர்ப்பகாலத்தில் மட்டும் வந்த சுகருக்குப் பெரும்பாலும் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் அதன் ஹார்மோன்களும் போய்விடுகின்றன. 6 வாரம் கழித்து மறுபடி ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டும்.

நுரையீரலுக்குப் போடும் ஸ்டீராய்டு

குறைமாதத்தில் வலி வந்தால் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நியூசிலாந்தில் கிரஹாம் லிகின்ஸ் ஆட்டுக் குட்டிகளில் தற்செயலாகக் கவனித்ததிலிருந்து பிறந்த சிகிச்சை இது. 1972இல் ராஸ் ஹவியோடு சேர்ந்து பெண்களிடம் சோதித்து வெளியிட்டார். குழந்தைக்கு மூச்சுத்திணறல் நோய்க்குறி வருவதை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. இந்திய அரசு 2014இல் வெளியிட்ட நெறிமுறையில் டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி, 24 முதல் 34 வாரம் வரை.

இதன் வேலை கார்டிசோலின் வேலையேதான். சுகர் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. ஸ்டீராய்டு அம்மாவின் சர்க்கரையை ஏற்றும். முதல் ஊசி போட்டு அரை நாளில் ஏறத் தொடங்கி, ஐந்து நாள் வரை நீடிக்கலாம். ஏறிய சர்க்கரை குழந்தையின் இன்சுலினை ஏற்றும். எந்தத் தடையைத் தாண்டுவதற்காக ஊசி போட்டோமோ அதே தடைக்குப் பலம் கூடும். இதற்காக ஸ்டீராய்டைத் தவிர்ப்பதில்லை. மருத்துவமனையில் வைத்து, அடிக்கடி சுகர் பார்த்து, இன்சுலினைக் கூட்டிக் கொடுப்பதுதான் வழி. கட்டுப்பாட்டில் இருந்த அம்மாவுக்குத் திடீரென்று 200க்கு மேல் காட்டினால் வீட்டார் பதறுவதற்கு முன் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

34 முதல் 36 வாரத்தில் ஸ்டீராய்டு கொடுப்பதில் இன்னும் நிதானம் தேவை. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூச்சுக் கோளாறு குறைந்தது, ஆனால் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிப்போவது 15 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் கூடியது. கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவு இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அந்த முடிவை அவர்களுக்கு அப்படியே பொருத்துவது சரியாக இருக்காது.

மலைவாசிகளுக்கு இதில் நேரம் ஒரு மருந்து மாதிரி. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. உள்கிராமங்களிலிருந்து ஏற்காட்டுக்கு வரும் நேரம் தனி. ஸ்டீராய்டு முழுப் பலன் தர ஒரு நாள் தேவை. குறைமாதத்தில் வலியோ நீர்க்கசிவோ இருந்தால் "விடியட்டும் பார்க்கலாம்" என்று காத்திருக்காமல் 108க்குச் சொல்லிவிட வேண்டும். பிறந்த பின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்குவதைவிட, வயிற்றோடு இறங்குவது குழந்தைக்குப் பல மடங்கு பாதுகாப்பு.

நல்ல நாளும் 39 வாரமும்

கட்டுக்குள் இருக்கும் கர்ப்பகாலச் சுகருக்கு 39 வாரம் நிறையும் வரை காத்திருப்பதுதான் பொதுவான நடைமுறை. சுகர் என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. சர்க்கரை அடங்காவிட்டாலோ, ரத்த அழுத்தம் ஏறினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ முன்கூட்டி எடுக்க வேண்டி வரலாம். அது மருத்துவக் கணக்கு.

ஜோசியக் கணக்கு வேறு. சிசேரியன்தான் என்று முடிவாகிவிட்டால் நட்சத்திரம் பார்த்து 37ஆம் வாரத்திலேயே தேதி குறிப்பது நம் பக்கத்தில் சாதாரணம். நல்ல நேரம் பார்ப்பதில் தப்பில்லை, அதை 39 வாரத்துக்குப் பிறகு உள்ள நாட்களுக்குள் பார்க்கட்டும். காரணம் சர்ஃபாக்டன்ட் மட்டுமல்ல. நுரையீரலில் இருக்கும் திரவத்தை உறிஞ்சி வெளியேற்றும் வேலை, பிரசவ வலியின்போது குழந்தையின் உடலில் ஏறும் ஹார்மோன்களால் முடுக்கப்படுகிறது. வலியே வராமல் எடுத்தால் திரவம் தங்கிவிடும். குழந்தை ஓரிரு நாள் வேக வேகமாக மூச்சு வாங்கும். நீரிழிவுள்ள அம்மாவின் குழந்தைக்கு இது இன்னும் எளிதில் வரும்.

பிறந்த பிறகு மூச்சு வாங்கினால்

நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, மூக்குத் துவாரம் விரிதல், விலாவுக்குக் கீழே தோல் உள்ளே இழுத்தல், மூச்சு விடும்போது முனகல். இவை தெரிந்தால் டாக்டர்கள் சர்ஃபாக்டன்ட் ஒன்றை மட்டும் நினைப்பதில்லை. சுகர் உள்ள அம்மாவின் குழந்தையில் தேட வேண்டியவை:

1. உண்மையான சர்ஃபாக்டன்ட் குறைபாடு. குறைமாதமாக இருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம்.
2. தங்கிவிட்ட நுரையீரல் திரவம். பெரும்பாலும் தானாகச் சரியாகும்.
3. ரத்தச் சர்க்கரை இறங்குதல். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், அதிகம் சுரக்கப் பழகிய கணையம் உடனே நிற்காது.
4. இதயத் தசை தடித்தல். இதுவும் அதே இன்சுலின் வேலை. பெரும்பாலும் சில மாதங்களில் வடிந்துவிடும்.
5. சிவப்பணுக்கள் மிகுந்து ரத்தம் கெட்டியாதல், சுண்ணாம்புச் சத்துக் குறைவு, கிருமித் தொற்று.

முதல் வகைக்கு இன்று சிகிச்சை இருக்கிறது. ஜப்பானில் ஃபுஜிவாராவின் குழு மாட்டின் நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்ட்டைக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி 1980இல் வெற்றி கண்டது. இப்போதும் மாடு, பன்றியிலிருந்து எடுத்தவையே அதிகம் பயன்படுகின்றன. பல குழந்தைகளுக்கு மூக்கு வழியாக விடாத அழுத்தத்தில் காற்றுக் கொடுக்கும் சிபேப் கருவியே போதும். இரண்டு மூன்று நாட்களில் இரண்டாம் வகை செல்கள் தாமாகவே தயாரிப்பைத் தொடங்கிவிடும். அந்த நாட்களைக் கடக்க வைப்பதுதான் சிகிச்சையின் வேலை.

மூச்சு சீராக இருக்கும் குழந்தைக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்து, குதிகாலில் குத்திச் சுகர் பார்ப்பார்கள். முதல் நாளில் இது பல முறை நடக்கும். "பச்சப் பிள்ளையை எத்தனை தடவைதான் குத்துவீங்க" என்று தடுக்க வேண்டாம். மூன்றாவது எண்ணில் சொன்ன சர்க்கரை இறக்கம் வெளியே எந்த அறிகுறியும் காட்டாமலே வரக்கூடியது.